தாத்தாவின் சூளையும் பிஸென் கிண்ணமும்



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "மாப்ள, நீ பர்னஸ் ஆளாச்சே. அதைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடு. ஆனா ஃபார்முலா எல்லாம் போட்டு ஜூனியர் பசங்களைப் பயமுறுத்தாதே" என்று கட்டளை. சரி என்று உட்கார்ந்தால், பேனா இரும்பு உருக்கும் உலைப் பக்கம் போக மறுக்கிறது. மண் சுடும் சூளைப் பக்கமே இழுக்கிறது. காரணம் இருக்கிறது. ஒரு பழைய கடன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சரித்திரம்.

செங்கல் பார்க்கப் போன ஊர்

2009-ல் நம் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தேன். எஃகு ஆலையில் வேலை. உலையின் உட்சுவருக்குக் கட்டும் தீச்செங்கல்தான் என் பிரிவு. 2018-ல் பயிற்சிக்காக மூன்று வாரம் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஒகாயாமா மாநிலத்தில் பிஸென் என்று ஒரு சிறு நகரம். அதன் மிட்சுயிஷி மலைப் பகுதியில் மெழுகு போல வழவழப்பான ஒரு கல் கிடைக்கிறது. அதை வைத்து மெய்ஜி மன்னர் காலத்திலிருந்தே அங்கே தீச்செங்கல் செய்து வருகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரூமில் அடைந்து கிடக்க மனமில்லாமல், அதே நகரத்தைச் சேர்ந்த இம்பே என்ற பகுதிக்கு ரயில் ஏறினேன். கூடவே எங்கள் பயிற்சிக் குழுவின் மொழிபெயர்ப்பாளரும் வந்தார். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் வீட்டுக் கூரைகளுக்கு மேலே செங்கல் புகைபோக்கிகள் நிற்கின்றன. தெருவில் கடைக்குக் கடை மண்பாண்டம். அமாத்சு என்ற கோயிலுக்குப் போனால் கூரை ஓடும் மண்பாண்டம், வாசலில் காவல் நிற்கும் சிலைகளும் மண்பாண்டம்!

ஒரு கடையில் உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்தேன். சாக்கே குடிக்கும் கிண்ணம், 'குயினோமி' என்கிறார்கள். பளபளக்கும் பூச்சு இல்லை. பூ, கொடி, சித்திரம் எதுவும் இல்லை. செம்பழுப்பு நிறம், ஒரு பக்கம் எள் தூவியது போலப் புள்ளிகள். திருப்பி விலையைப் பார்த்தேன். 4,000 யென்! நம் காசுக்கு அப்போது சுமார் 2,500 ரூபாய். "என்னடா இது, நம்ம ஊர்ல இந்தக் காசுக்கு ஒரு வண்டிப் பானை வருமே" என்று மனசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு எங்கே தப்பு என்று தெரிந்துகொள்ளத்தான் பிஸென் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

உரலும் ஜாடியும் செய்த ஊர்

ஜப்பானில் இடைக்காலம் முதல் விடாமல் இயங்கிவரும் ஆறு மண்பாண்ட ஊர்களை 'ஆறு பழைய சூளைகள்' என்பார்கள். சேத்தோ, தோகோனாமே, எச்சிசென், ஷிகராகி, தம்பா, பிஸென் ஆகியவையே அந்த ஆறு. இதன் வேர் இன்னும் பழையது. 5-ஆம் நூற்றாண்டு வாக்கில் கொரியாவிலிருந்து மலைச்சரிவில் கட்டும் சூளையும், அதிக வெப்பத்தில் மண் சுடும் வித்தையும் ஜப்பானுக்கு வந்தன. அந்த வழியில் வந்தவர்கள்தான் பிஸென் குயவர்கள். 12-ஆம் நூற்றாண்டு முதல் இம்பேயைச் சுற்றியுள்ள மலைகளில் சூளை போட்டார்கள்.

அவர்கள் செய்தது கலைப் பொருளா? இல்லவே இல்லை. விதை வைக்க ஜாடி, தண்ணீர்த் தொட்டி, மசாலா அரைக்க உட்புறம் வரி போட்ட கிண்ணம். அந்த அரைக்கும் கிண்ணம் எறிந்தாலும் உடையாது என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு. இரண்டு கோக்கு, அதாவது சுமார் 360 லிட்டர் பிடிக்கும் பெரிய ஜாடிகளும் செய்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், நம் ஊர் வீடுகளில் குதிரும் தாழியும் இருந்த மாதிரி அவர்களுக்கு பிஸென்.

பிறகு தேநீர் வந்தது. தேநீர் விருந்துகளில் பிரபுக்கள் சீனாவிலிருந்து வந்த உயர்ந்த பாத்திரங்களைத்தான் வைப்பார்கள். அந்த ரசனையை மாற்றத் தொடங்கியவர் முராத்தா ஜூகோ (1423-1502). அவர் தன் சீடருக்கு எழுதிய ஒரு கடிதத்தில் பிஸென், ஷிகராகி பாண்டங்களின் பெயர் வருகிறது. பாராட்டாக என்று நினைக்காதீர்கள்! நேற்றுக் கற்றுக்கொள்ள வந்தவன் எல்லாம் கரடுமுரடான பிஸென் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஞானம் முற்றியவன் போல அலட்டுகிறானே என்று கண்டிக்கிறார். 500 வருஷம் முன்பே ஃபேஷனுக்கு மண்பானை வாங்கும் ஆள் இருந்திருக்கிறான் என்று படித்தபோது சிரித்துவிட்டேன். அடுத்த நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ (1522-1591) அந்த எளிமையையே தேநீர்க் கலையின் உயிராக்கினார். வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தேநீர் அறைக்குள் போனது. சிறிய கிண்ணங்களுக்கும் பூச்சாடிகளுக்கும் மதிப்பு வந்தது. மொமொயாமா காலம் எனப்படும் 16-ஆம் நூற்றாண்டின் இறுதிதான் பிஸெனுக்குப் பொற்காலம்.

பூச்சு வேண்டாத மண்

இனி கொஞ்சம் மெட்டீரியல்ஸ் பாடம். பயப்படாதீர்கள், தேர்வில் கேட்கமாட்டார்கள்.

நம் ஊர்ச் சூளை பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரைதான் போகும். அதனால் பானையில் நுண்துளைகள் நின்றுவிடும். அதன் வழியே கசியும் நீர் ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. அது குறையே அல்ல. நம் வெயிலுக்கு ஏற்ற டிசைன். பிஸென் சூளையோ 1,200 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் மண்ணில் உள்ள சிலிக்கா ஓரளவு கண்ணாடியாக இளகித் துளைகளை அடைத்துவிடுகிறது. தண்ணீர் கசியாது. மேற்பூச்சுத் தேவையில்லை.

ஆனால் அந்த மண் லேசுப்பட்டதல்ல. நெல் வயலுக்கு அடியில் தோண்டி எடுக்கும், இரும்புச் சத்து நிறைந்த களிமண். சுருக்கம் அதிகம், சூட்டைத் தாங்கும் சக்தியும் குறைவு. அவசரப்பட்டு எரித்தால் வெடித்துவிடும். ஆகவே செம்பைன் விறகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை, இரவும் பகலும் ஆள் மாறி ஆள் விழித்திருந்து சுடுகிறார்கள்.

அத்தனை நாள் தீயில் இருக்கும்போது சூளையே சித்திரம் போடுகிறது. பறக்கும் விறகுச் சாம்பல் பாண்டத்தின் மேல் விழுந்து உருகினால் எள் தூவியது போலப் புள்ளிகள். அதற்கு 'கோமா', எள் என்றே பெயர். அடியில் கரியிலும் சாம்பலிலும் புதைந்த பாண்டத்துக்குக் காற்று கிடைக்காது. அது நீலமும் சாம்பலும் கலந்த நிறமாகும். அது 'சங்கிரி'. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வைக்கோல் சுற்றுவார்கள். அந்த இடத்தில் சிவப்புக் கோடு விழும். அது 'ஹிதாசுகி'.

கவனியுங்கள், வைக்கோல் சுற்றியது அழகுக்கு அல்ல. கண்ணாடிச் சாமானைக் கட்டும்போது நாம் பேப்பர் சுற்றுகிற மாதிரி ஒரு பேக்கிங் வேலை! அது ஏன் சிவக்கிறது என்பதை ஒகாயாமாவைச் சேர்ந்த வேதியியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2010-ல் விளக்கமாக வெளியிட்டார்கள். வைக்கோலில் உள்ள பொட்டாசியம் மண்ணின் மேற்பரப்பைச் சீக்கிரம் இளகவைக்கிறது. அந்த இளகலில் முதலில் அலுமினிய ஆக்ஸைடு படிகங்கள் தோன்றுகின்றன. குளிரும்போது அவற்றைச் சுற்றி இரும்பு ஆக்ஸைடு படிகங்கள் வளர்கின்றன. அதுதான் அந்தச் சிவப்பு. நூற்றாண்டுகளாகக் குயவன் கைக்குத் தெரிந்திருந்ததை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் பிறகு வந்து உறுதிசெய்தது.

சாக்கடைக் குழாயும் கையெறி குண்டும்

பொற்காலம் என்றும் நிற்பதில்லை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிட்டாவில் வெள்ளை வெளேர் என்ற போர்சலீன் செய்ய ஆரம்பித்தார்கள். மெல்லியது, பளபளப்பானது, நீலச் சித்திரம் போட்டது. மக்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஒகாயாமாவை ஆண்ட இக்கேதா பிரபுக்களின் ஆதரவில் பிஸென் குயவர்கள் மூன்று பெரும் பொதுச் சூளைகளில் சேர்ந்து சுட்டுக் காலம் தள்ளினார்கள். அவற்றில் தெற்குச் சூளையின் நீளம் 50 மீட்டருக்கு மேல்! ஒரே சூளையில் பல குடும்பங்களின் பாண்டங்கள் என்பதால், யாருடையது எது என்று தெரிய அடியில் ஒரு சின்ன அடையாளம் கீறுவார்கள். அந்தச் சூளை இருந்த இடம் இம்பே ஸ்டேஷனுக்கு அருகில்தான். 1959-ல் அரசு அதைச் சரித்திரச் சின்னமாக அறிவித்தது. நான் போய் நின்றேன். இப்போது புல் மூடிய மேடு. மண்ணில் உடைந்த ஓடுகள்.

1871-ல் பிரபுக்களின் ஆட்சி ஒழிந்தது, ஆதரவும் போனது. ரிக்யூ கையில் எடுத்த பாண்டத்தைச் செய்த ஊர், வயிற்றுப்பாட்டுக்குச் சாக்கடைக் குழாயும் செங்கல்லும் செய்தது. இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு. பள்ளிகளில் இருந்த வெண்கலச் சிலைகளை உருக்க எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் வைக்க பிஸென் மண்ணில் சிலை செய்தார்கள். கையெறி குண்டின் கூட்டைக்கூட மண்ணில் செய்து பார்த்தார்கள்! தேநீர்க் கிண்ணம் செய்த கைகள்.

அந்தக் காலத்துக் குயவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. குழாய் செய்தாவது சூளையை அணையாமல் வைத்தார்கள். அணைந்திருந்தால் அடுத்து வந்தவருக்குப் பற்றவைக்க நெருப்பே இருந்திருக்காது.

முப்பதுகளில் ஒரு மனிதர்

அந்த அடுத்தவர் கனேஷிகே தோயோ (1896-1967). பழைய குயவர் குடும்பம். சின்னச் சின்னப் பொம்மை உருவங்கள் செய்வதில் இளம் வயதிலேயே பெயர் வாங்கியவர். 1930 வாக்கில், அதாவது என் வயதில், மொமொயாமா காலத்துப் பாண்டங்களின் பக்கம் திரும்பினார். அந்த மண்ணின் உயிர் தன் காலத்துப் பாண்டத்தில் ஏன் இல்லை என்பதே அவர் கேள்வி. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன குயவர்களிடம் எப்படிக் கேட்பது? மண்ணைத் தயாரிக்கும் விதம், சூளையில் அடுக்கும் விதம், தீ கொடுக்கும் விதம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, சூளை பிரித்துப் பார்த்து, அந்தப் பதத்தைக் கண்டுபிடித்தார். தற்செயலாக விழுந்த சங்கிரி நிறத்தை வேண்டும்போது வரவழைக்கவும் கற்றார். நம் மொழியில் சொன்னால் 'ரிவர்ஸ் இன்ஜினியரிங்'. 1956-ல் ஜப்பான் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என்று மக்கள் வழங்கும் உயர்ந்த நிலையில் அறிவித்தது. பிஸென் நிமிர்ந்தது.

இந்தக் கதையின் ஒரு கிளை நம் பக்கத்திலும் இருக்கிறது. 1987-ல் அதே கௌரவம் பெற்ற பிஸென் குயவர் யமாமோட்டோ தோஷு. அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவரும் ரே மீக்கரும் 1971-ல் பாண்டிச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' தொடங்கினார்கள். செம்பைனுக்குப் பதிலாக நம் சவுக்கு விறகு! அங்கே கற்றவர்கள் தனித்தனியே சூளை போட, இன்று பாண்டிச்சேரியும் ஆரோவில்லும் இந்திய ஸ்டுடியோ மண்பாண்டத்தின் முக்கிய இடங்கள்.

அந்தக் கடன்

இம்பேயில் நான் கிண்ணம் வாங்கிய கடை ஒரு வயதான குயவருடையது. பேக் செய்துகொண்டே மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்: "உங்கள் நாட்டில் மண்பாண்டம் உண்டா? யார் செய்கிறார்கள்?"

"என் தாத்தா செய்தார்" என்றேன்.

நண்பர்களே, முப்பது வயதில், வெகுதூரம் பயணம் போய் ஒரு அந்நியர் முன்னால், இதை நான் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். கல்லூரியில் நான்கு வருஷமும் என்ன சொன்னேன்? "வீட்ல விவசாயம்." நாங்கள் மானாமதுரைப் பக்கம், வேளார். தாத்தா பானை, அகல், அய்யனார் குதிரை எல்லாம் செய்தவர். ஆனால் அவருக்குப் பிடித்தது சொப்புச் சாமான். கட்டைவிரல் உயரத்தில் அடுப்பு, பானை, குடம். வைக்கோலும் வறட்டியும் அடுக்கி, மேலே மண் பூசிச் சூளை வைத்தால், பெரிய பானைகளின் வயிற்றுக்குள் சொப்புகள் வேகும். அப்பா அந்த வேலையை விட்டு வெளியூர் வேலைக்குப் போனார். என்னைச் சக்கரத்தின் பக்கமே விடவில்லை.

இரண்டாம் வருஷம், ஏப்ரல் மாதம். ஹாஸ்டல் வாசலில் தாத்தா வந்து நின்றார். வேட்டியில் செம்மண் கறை. கையில் வைக்கோல் சுற்றிய ஒரு மண் கூஜா. "வெயிலா இருக்கே, குடிக்க நல்லாயிருக்கும்னு கொண்டாந்தேன்." என் ரூம்மேட்கள் இரண்டு பேரும் பின்னால் வந்து, "யார்றா மாப்ள?" என்றார்கள்.

"எங்க ஊர்க்காரர்" என்றேன்.

தாத்தா என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்து, "ஆமா தம்பி, ஒரே ஊருதான். இந்தப் பக்கம் சோலியா வந்தேன்" என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போனார்.

அந்தக் கோடை முழுக்க நாங்கள் மூவரும் அந்தக் கூஜாத் தண்ணீரைத்தான் குடித்தோம். "செமையா இருக்குடா, எங்க வாங்குன?" என்று கேட்டீர்கள். "சந்தையில" என்றேன். ரூம் காலி செய்யும்போது கூஜா உடைந்தது. 2011-ல் தாத்தா போய்விட்டார். கடைசிவரை அவரும் இதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இம்பேக் குயவர் அடுத்து கேட்டார்: "அவருடைய அடையாளம் என்ன?" எனக்குத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பியதும் பரணில் தேடினேன். ஒரு பழைய கூடையில் சொப்புகள் கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும், ஈர மண்ணைச் சக்கரத்திலிருந்து எடுக்கும்போது அழுத்திய ஒரு விரல் பதிவு. எல்லாம் ஒரே விரல்.

பிஸெனில் மண் மட்டும் நல்ல மண் என்பதல்ல. குழாய் செய்யும் நிலைக்கு வந்தபோதும், தன் தாத்தா செய்ததில் ஒரு கல்வி இருக்கிறது என்று நம்பி ஒருவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கீழடியில் பானை ஓடுகள் கிடைத்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம், நானும்தான். அதே வைகைக் கரையில் இன்றும் சூளை வைப்பவர் பையன் நம் கல்லூரி ஃபாரத்தில் அப்பாவின் தொழிலை எழுதும்போது பேனா தயங்கக்கூடாது. குயவர் மட்டுமல்ல, நெசவோ, தச்சோ, தோலோ, எதுவானாலும். தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டில் ஒரு தொழில் தெரிந்த கை இன்னும் இருந்தால், அடுத்த லீவுக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போய் பக்கத்தில் உட்காருங்கள். என்ன மண், எங்கே எடுக்கிறார்கள், எத்தனை நாள் காய வேண்டும், பதம் எப்படித் தெரிகிறது என்று கேட்டு எழுதுங்கள். எனக்கு அந்த நோட்டு இல்லை. என் தாத்தா எந்தக் கண்மாயிலிருந்து மண் எடுத்தார் என்பதைக்கூட அப்பாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் ஆபீஸ் மேஜையில் இப்போது அந்த பிஸென் கிண்ணமும், பக்கத்தில் ஒரு சொப்புப் பானையும் இருக்கின்றன. வருகிறவர்கள் கிண்ணத்தைப் பார்த்துக் கேட்பார்கள். நான் பானையிலிருந்து ஆரம்பிப்பேன்.

அன்று ரூமில் இருந்த நீங்கள் இருவரும் இந்த மலரைப் படிப்பீர்கள் என்று தெரியும். ரீயூனியனுக்கு வரும்போது என்னைத் தேடுங்கள். உங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு சொப்பு எடுத்து வைத்திருக்கிறேன். கொடுக்கும்போது, யார் செய்தது என்று சொல்லித்தான் கொடுப்பேன்.